வாத்தியார் கணக்கும் வெளியாள் சாவியும்

டிஸ்கி: கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. ஆனா நடுவுல ஒரு ஏரி வரும், ஒரு வாத்தியார் வருவார், செருப்பு டோக்கன் கூட வரும். அதுக்காகவாவது கடைசி வரைக்கும் படிச்சுடுங்க. :-)

போன வாரம் திண்டிவனத்துல இருந்து நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். தான் படிச்ச கல்லூரியோட முன்னாள் மாணவர்களுக்காக ட்ரூபல்ல ஒரு தளம் கட்டிக்கிட்டு இருக்கார். "கூகுள் பட்டன் ஒண்ணு வெச்சுட்டா போதும்ல? இல்லைன்னா கல்லூரி குடுத்த மெயில் ஐடியிலயே உள்ள வர்ற மாதிரி பண்ணிடறேன். யாரும் பாஸ்வேர்டு ஞாபகம் வெச்சுக்க வேணாம். தளத்துல தனியா லாகினே வேணாம்னு எடுத்துடலாம்னு இருக்கேன்"ன்னார். பட்டன் வையுங்க, ஆனா சொந்த லாகினை எடுக்காதீங்கன்னு சொன்னேன். ஏன்னு கேட்டார். அரை மணி நேரம் பேசியும் அவருக்குப் பிடிபட்ட மாதிரி தெரியலை. போன்ல சொல்ல வராதது எழுத்துல வருதான்னு பார்க்கிறேன்.

முதல்ல என் பாவத்தைச் சொல்லிடறேன்.

2008ல எங்க கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துப் பழைய சங்கதிகளைச் சேர்த்து வைக்க ஒரு தளம் ஆரம்பிச்சேன். ஏரி, குளம், சந்தை, பள்ளிக்கூட குரூப் போட்டோ, யார் வீட்டு மச்சுல எந்த ஓலை இருக்குங்கற தகவல், இப்படி. முப்பது பேர் கிட்ட உறுப்பினர். அதுல உருப்படியா எழுதினது ஒருத்தர்தான். எனக்கு ஆறாங்கிளாஸ் பாடம் எடுத்த சார். ரிட்டையர் ஆகி நோட்டு நோட்டா எழுதி வெச்சிருந்தார். ஆரம்பத்துல பிரவுசிங் சென்டர் தம்பி டைப் அடிச்சுக் கொடுப்பான். அப்புறம் அவரே இ-கலப்பை பழகிட்டு ஒத்தை விரல்ல தட்ட ஆரம்பிச்சுட்டார்.

அந்த வருஷம் பிப்ரவரியிலதான் ட்ரூபல் 6 வந்திருந்தது. அதோட மூட்டையிலயே ஓப்பன்ஐடியும் வந்தது. பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2005ல லைவ்ஜர்னலுக்காக யோசிச்ச சமாச்சாரம். ஒவ்வொரு தளத்துலயும் தனித்தனி பாஸ்வேர்டு வேண்டாம். உங்களுக்குன்னு ஒரு இணைய முகவரி. அந்த முகவரியை நடத்துற இடத்துல ஒரு தடவை உள்ள போயிட்டா, மத்த தளமெல்லாம் அங்க கேட்டுத் தெரிஞ்சுக்கும்.

புரியலைன்னா தாலுகா ஆபீஸை நினைச்சுக்கோங்க. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறோம். ஹெட்மாஸ்டர் நம்ம தெருவுக்கு வந்து நாலு பேர் கிட்ட விசாரிக்கிறதில்லை. தாசில்தார் கையெழுத்துப் போட்ட சாதிச் சான்றிதழை வாங்கிப் பார்க்கிறார். அவர் நம்மளை நம்பலை, தாசில்தாரை நம்பறார். தாசில்தார் ஆர்.ஐ.யை நம்பறார், ஆர்.ஐ. வி.ஏ.ஓ.வை நம்பறார். வி.ஏ.ஓ. மட்டும்தான் நம்ம மூஞ்சியைப் பார்த்தவர் (பார்த்திருந்தா!). இப்ப எல்லாம் ஆன்லைன்ல டிஜிட்டல் கையொப்பத்தோட வருது, ஆனா சங்கிலி அதேதான். கணினிக்காரங்க இதுக்கு வெச்ச பேர் ஃபெடரேட்டட் லாகின். கூட்டாட்சி உள்நுழைவுன்னு தமிழ்ல சொல்லிப் பார்த்தேன், ஏதோ அரசியல் மாநாடு மாதிரி இருக்கு. விட்டுட்டேன்.

எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பிடிச்சதோட நிக்காம, தளத்துல இருந்த பாஸ்வேர்டு லாகினையே மறைச்சு வெச்சேன். "எங்க தளத்துல பாஸ்வேர்டே கிடையாது"ன்னு பெருமை வேற. எல்லாருக்கும் ஒரே வெளிநாட்டு ஓப்பன்ஐடி சேவையில கணக்கு. சாருக்கு அந்தக் கணக்கையும், அதுக்கு ஒரு மெயில் ஐடியையும் பிரவுசிங் சென்டர் தம்பிதான் திறந்து கொடுத்தான்.

சில வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் அந்தச் சேவை கடையை மூடப்போறதா அறிவிப்பு விட்டது. பேர் வேண்டாம், முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் மூடினாங்க. அந்தக் காலகட்டமே அப்படித்தான். கூகுளே பழைய ஓப்பன்ஐடி 2.0ஐ 2015 ஏப்ரல்ல நிறுத்திடுச்சு. மொசில்லா 2011ல கொண்டுவந்த பர்சோனா 2016 நவம்பர் 30ஓட முடிஞ்சுது. நானும் எல்லாருக்கும் மெயில் போட்டேன். பாதிப் பேர் வேற வழிக்கு மாறிட்டாங்க. சாருக்குப் போன மெயில், யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குப் போச்சு. அதோட பாஸ்வேர்டு தெரிஞ்ச தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். பிரவுசிங் சென்டர் ரீசார்ஜ் கடை ஆகி, அப்புறம் ஜெராக்ஸ் கடை ஆயிடுச்சு. சார் பெங்களூர்ல மக வீட்டுல இருந்தார்.

அப்பத்தான் அந்தப் போன் வந்தது. சாரோட சொந்தக்காரர் ஒருத்தர். "பெரியவரால உள்ள போக முடியலையாம் தம்பி. இந்த மெயிலை மாத்திப் போடுங்க, நான் பார்த்து அவருக்குச் சொல்லிடறேன்." குரல் தெரிஞ்ச குரல். ஊர்ல பார்த்தா ரெண்டு வார்த்தை பேசற ஆள். ரெண்டு நிமிஷத்துல அட்மின் பக்கம் போய் மெயிலை மாத்தி, ஒரு தடவை உள்ள போற லிங்க்கை அனுப்பி வெச்சேன். உதவி பண்ணின திருப்தியில டீ குடிக்கப் போயிட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு யாரோ சொல்லித்தான் பார்த்தேன். சாரோட ரெண்டு கட்டுரையைக் காணோம். ரெண்டும் ஏரிக்குத் தண்ணி வர்ற வரத்துக் கால்வாயைப் பத்தினது. எந்த இடத்துல கால்வாய் அகலமா இருந்தது, இப்ப அது மேல யார் யார் நிலம் இருக்குன்னு சர்வே நம்பரோட எழுதியிருந்தார். திருத்தலை, மறைக்கலை. டெலீட். ட்ரூபல்ல டெலீட் பண்ணினா பழைய திருத்தங்களும் சேர்ந்தே போயிடும்.

சார் ஊருக்கு வந்தவுடனே ஒரு மஞ்சப் பையோட என் வீட்டுக்கு வந்தார். பையில இருந்து ரேஷன் கார்டை எடுத்து டேபிள் மேல வெச்சார். "ஏம்பா, நான்தான் நான்னு உனக்குக் காட்டறதுக்கு இது போதுமா? இல்லை ஆதாரும் வேணுமா?" அவர் கோபமா பேசியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். ரொம்ப மரியாதையா, நிஜமாவே விதிமுறை என்னன்னு தெரிஞ்சுக்கற மாதிரி கேட்டார். என்னை பெஞ்ச் மேல ஏத்தி நிக்க வெச்ச மனுஷன். எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியும். நான் கட்டின தளத்துக்கு மட்டும் அவரைத் தெரியலை.

மாசாந்திர பேக்கப்புல ஒரு கட்டுரை கிடைச்சுது. இன்னொண்ணு பேக்கப் எடுத்ததுக்கு அப்புறம் எழுதினது, கிடைக்கலை. நோட்டைப் பார்த்து மறுபடி எழுதிக் கொடுத்தார். முன்ன இருந்ததுல பாதிதான் இருந்தது. சர்வே நம்பர் எதுவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

இதுல ஓப்பன்ஐடி மேல ஒரு தப்பும் கிடையாது. மூடினவங்க மேலயும் கிடையாது. உள்ள போற வாசலுக்கு உலகத்தரத்துல பூட்டுப் போட்டேன். பூட்டு திறக்கலைன்னா என்ன பண்றதுங்கற வாசலை, தெரிஞ்ச குரல்ங்கற ஒரே காரணத்துக்காகத் திறந்து விட்டேன். விசாரிக்காம சர்டிபிகேட் கொடுத்த வி.ஏ.ஓ. நான்தான். வெளியாள் லாகின் வைக்கிற எல்லாரும் யோசிக்க மறக்கிற இடம் இது. பாஸ்வேர்டை நாம வெச்சுக்கலை, பொறுப்பு அவங்களோடதுன்னு நினைச்சுடறோம். அவங்க இல்லாமப் போற அன்னைக்கு மொத்தப் பொறுப்பும் நம்ம தலையில வந்து விழும். அன்னைக்கு நம்ம கையில இருக்கப் போறது ஒரு மெயில் ஐடியும் ஒரு போன் குரலும்தான்.

அதனால என் கட்சி இதுதான்: கணக்கு தளத்தோடதா இருக்கணும். வெளியில இருந்து வர்ற கூகுளோ, டிஜிலாக்கரோ, கல்லூரி சர்வரோ, அந்தக் கணக்குக்கு ஒரு சாட்சி மட்டும்தான். ஒரு கணக்குக்கு ரெண்டு சாட்சியாவது வேணும். சாட்சி ஊரை விட்டுப் போனா வேற சாட்சியைச் சேர்க்கலாம். சாட்சியே ஓனர் ஆயிட்டா, அவர் போகும்போது வீடும் கூடவே போயிடும்.

ட்ரூபல் கட்டினவங்க இதை அப்பவே யோசிச்சு வெச்சிருந்தாங்க. உள்ளூர் பயனர் எண் ஒரு பக்கம், வெளி அடையாளம் இன்னொரு பக்கம், ரெண்டையும் இணைக்க ஆத்மேப்னு தனியா ஒரு அட்டவணை. ஒரு பயனருக்கு எத்தனை வெளி அடையாளம் வேணும்னாலும் சேர்க்கலாம். நான்தான் ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன். (ட்ரூபல் 8 வந்தப்ப ஓப்பன்ஐடியை மூட்டையில இருந்து எடுத்துட்டாங்க. இப்ப இந்த வேலைக்கெல்லாம் தனி மாட்யூல் போட்டுக்கணும்.)

இதே விஷயத்தைப் பெரிய அளவுல ஒழுங்கா செஞ்சவங்க விக்கிமீடியாக்காரங்க. முன்னாடியெல்லாம் தமிழ் விக்கிப்பீடியாவுல ஒரு கணக்கு, ஆங்கில விக்கியில இன்னொண்ணு, விக்சனரியில வேறொண்ணுன்னு இருந்தது. தமிழ்ல ஒரு பேர் வெச்சிருப்பீங்க, அதே பேரை ஜெர்மன்ல யாரோ ஒருத்தர் வெச்சிருப்பார். எல்லாத்தையும் ஒரே கணக்கா மாத்தற வேலை 2008ல ஆரம்பிச்சு 2015 ஏப்ரல்ல முடிஞ்சுது. பேர் மோதினவங்களுக்கு, பேருக்குப் பின்னாடி அந்த விக்கியோட பேரை ஒட்டி வெச்சாங்க. நிறைய பேர் முணுமுணுத்தாங்க. ஆனா யாரோட பங்களிப்பும் காணாமப் போகலை. பேர் மாறினாலும் எழுதினது அதே கணக்குலதான் நின்னுது. நான் சாருக்குச் செய்யாம விட்டது அதைத்தான்.

இப்ப திண்டிவனம் நண்பரோட கேள்விக்கு வர்றேன். இன்னைக்கு கூகுள் பட்டன்னு நாம சொல்றது 2014ல வந்த ஓப்பன்ஐடி கனெக்ட். பேர்தான் பழசு, உள்ள வேற சரக்கு. அது உங்க தளத்துக்கு ஒரு சீட்டு அனுப்பும். அதுல பேர், மெயில், போட்டோ எல்லாம் இருக்கும். கூடவே 'சப்'னு ஒரு நீளமான எண்ணும் இருக்கும். நம்ம ஆளுங்க பத்துல எட்டுப் பேர் மெயிலை வெச்சுத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதறாங்க. அதோட விதிமுறையிலயே தெளிவா இருக்கு: சீட்டை யார் கொடுத்தாங்கங்கறதும் அந்த எண்ணும், இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் ஆள் அடையாளம். மெயிலை அதுக்குப் பயன்படுத்தாதேன்னு.

ஏன்னா மெயில் கை மாறும். 2013ல யாஹூ, ஒரு வருஷமாத் திறக்காத ஐடியையெல்லாம் கேட்கிறவங்களுக்குக் கொடுக்கப் போறோம்னு அறிவிச்சது ஞாபகம் இருக்கா? கல்லூரி ஐடின்னா இன்னும் மோசம். ஆர்.சுரேஷ் படிப்பை முடிச்சுட்டுப் போவான், நாலு வருஷம் கழிச்சு இன்னொரு ஆர்.சுரேஷ் வந்து சேருவான். ஐடி அவனுக்குப் போகும். மெயிலை வெச்சு ஆளைப் பிடிக்கிற தளத்துல பழைய சுரேஷ் எழுதினதெல்லாம் புதுசா வந்த சுரேஷோட எழுத்து! அதுவும் முன்னாள் மாணவர் தளத்துக்குக் கல்லூரி மெயில்ல லாகின் வைக்கிறது, கல்யாணம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்பறவங்களுக்குப் பந்தி டோக்கன் கொடுக்கிற மாதிரி. படிப்பு முடிஞ்சா கல்லூரி அந்த ஐடியை மூடத்தானே செய்யும்?

மூடறதுதான் சரியா இருக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்லணும். பல்கலைக்கழக மானியக் குழுவோட கீழ காந்திநகர்ல இன்ஃபிலிப்நெட்னு ஒரு மையம் இருக்கு. அவங்க நடத்துற கூட்டமைப்பு இன்ஃபெட். கல்லூரிகள் பணம் கட்டி வாங்கற ஆராய்ச்சி இதழ்கள் வழக்கமா அந்த வளாகத்து இணைய முகவரியில இருந்து வந்தாத்தான் திறக்கும். சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டா படிப்பு அதோட சரி. இன்ஃபெட்ல கல்லூரி சேர்ந்திருந்தா, இதழோட பக்கத்துல "எங்கிருந்து வர்றீங்க"ன்னு ஒரு பட்டியல் வரும். கல்லூரியைத் தேர்ந்தெடுத்தா, அது கல்லூரியோட லாகின் பக்கத்துக்கே கூட்டிட்டுப் போகும். அங்க பாஸ்வேர்டு போட்டதும், கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டோட இதழுக்குத் திருப்பி அனுப்பும். பாஸ்வேர்டு இதழ்காரன் கண்ணுலயே படாது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, அந்தச் சீட்டுல உங்க பேர் கூட இருக்கணும்னு அவசியம் இல்லை. "இவர் எங்க கல்லூரி ஆள்" அப்படிங்கற ஒரு வரி போதும்.

2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை 'ஒரே தேசம் ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. 3 வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகத்தாரோட சுமார் 13,000 இதழ்கள், 6,300 கல்வி நிறுவனங்கள். நடத்தறது இதே இன்ஃபிலிப்நெட்தான். இத்தனை கோடி கொடுத்து வாங்கினது, எங்க ஊர்ல ராத்திரி பத்து மணிக்கு ஒரு எம்.எஸ்சி. பொண்ணுக்குத் திறக்குமா திறக்காதாங்கறது, அந்தக் கல்லூரி சர்வர்ல யாராவது இந்த வேலையை ஒழுங்கா செஞ்சு வெச்சிருக்காங்களாங்கறதுலதான் இருக்கு. அதனால நான் ஃபெடரேட்டட் லாகினுக்கு எதிரி கிடையாது. இங்கெல்லாம் அதை விட்டா வேற வழியே இல்லைன்னு சொல்ற ஆள்.

இன்ஃபெட்டுக்குள்ள ஓடற மென்பொருள் பேர் ஷிபலெத். பைபிள்ல நியாயாதிபதிகள் புத்தகத்துல வர்ற வார்த்தை. தோத்து ஓடின எப்பிராயீம்காரங்க யோர்தான் ஆத்தைக் கடக்க வர்றப்ப, காவல்ல இருந்தவங்க அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லிக் கேட்பாங்களாம். 'ஷ' வராம 'ஸ'ன்னு சொன்னா வெட்டு. 42,000 பேர் செத்ததா கணக்கு. லாகின் சாஃப்ட்வேருக்கு இந்தப் பேரை வெச்ச ஆளுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. நம்ம பக்கம் ஆத்தங்கரையில நிறுத்தி 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லியிருந்தா ஜில்லாவுல பாதிப் பேர் காலி. "வாயப்பயம்"தான் வரும். எங்க ஊர் பேர்லயே ழ இருக்கு, இத்தனை வருஷத்துல அது ஒரு கண்டக்டர் வாயிலயும் ஒழுங்கா வந்து நான் கேட்டதில்லை. :-)

செருப்பு டோக்கன்னு சொன்னேன்ல. கோயில் வாசல்ல செருப்பை விட்டா ஒரு டோக்கன் தருவாங்க. அதுல உங்க பேர் இருக்காது. யார் நீட்டினாலும் செருப்பு அவங்களுக்குத்தான். பட்டன் லாகின்ல தளங்களுக்கு நடுவுல ஓடற டோக்கனும் பெரும்பாலும் இந்த ஜாதிதான், வெச்சிருக்கிறவன் சொந்தக்காரன். அதனாலதான் ஹெச்டிடிபிஎஸ் இல்லாத தளத்துல இதையெல்லாம் செய்யவே கூடாதுங்கறாங்க. சொந்தக் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்க கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் இருக்கு. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து என் தளத்துக்குள்ள வர்றீங்க, வேலை முடிஞ்சு என் தளத்துல லாக்அவுட் அழுத்தறீங்க. என் தளம் மறந்துடும், ஆனா கூகுள் அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னும் திறந்தே கிடக்கும். அடுத்து வந்து உட்கார்றவர் பட்டனை ஒரு தட்டு தட்டினா நேரா உங்க கணக்குக்குள்ள. எல்லா இடத்துலயும் ஒரே அழுத்துல வெளிய வர்ற வசதின்னு ஒண்ணு ஏட்டுல இருக்கு, நம்பிக்கையா வேலை செஞ்சு நான் பார்த்ததில்லை. நான் இப்ப லாக்அவுட் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டு வெச்சிருக்கேன்: "கடைக் கம்ப்யூட்டரா? கூகுளையும் மூடிட்டுப் போங்க."

ஆக நண்பர் கேட்டதுக்கு என் தளத்துல இப்ப இருக்கிற நிலைமையையே பதிலாச் சொல்றேன். கூகுள் பட்டன் இருக்கு. சொந்தப் பாஸ்வேர்டும் இருக்கு. ரெண்டு வழியையும் சேர்த்து வெச்சாத்தான் கட்டுரை எழுத விடும். அட்மின் யாரும் போன்ல கேட்டா மெயில் மாத்தித் தர மாட்டாங்க. ஆள் நேர்ல வரணும், இல்லைன்னா ஏற்கெனவே இருக்கிற உறுப்பினர் ரெண்டு பேர் தனித்தனியா உறுதி சொல்லணும். மாத்தின பிறகும் ஏழு நாளைக்கு எதையும் அழிக்க முடியாது. அழிச்சாலும் மறைஞ்சுதான் போகும், நிஜமா போகாது. மாடர்ன் ஆளுங்களுக்கு இது பத்தாம்பசலியாத் தெரியலாம். உறுப்பினர்ல ஒருத்தர் "இது என்ன பேங்க்கா?"ன்னு கேட்டார். பேங்க்ல போனது பணமா இருந்தா திருப்பி வாங்கிடலாமே சாமின்னு சொன்னேன்.

சாருக்கு இப்ப எண்பதைத் தாண்டிடுச்சு. பாஸ்வேர்டை அதே நோட்டுக் கடைசிப் பக்கத்துல பெருசா எழுதி வெச்சிருக்கார். பாதுகாப்பு நிபுணருங்க பார்த்தா அலறுவாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. அந்த நோட்டு இருக்கிற பீரோ சாவி அவர் அரைஞாண்கயித்துல இருக்கு.

பி.கு.: கல்லூரி சர்வரோட இணைக்கப் போறவங்களுக்கு ஒரு விஷயம். ரெண்டு நாள் மண்டையை உடைச்சும் சீட்டு செல்லாது, செல்லாதுன்னே வந்துக்கிட்டு இருந்தா முதல்ல சர்வர் கடிகாரத்தைப் பாருங்க. அந்தச் சீட்டுல இத்தனை மணியில இருந்து இத்தனை மணி வரைக்கும்தான் செல்லும்னு நேரம் போட்டிருக்கும். நமக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல சர்வர் கடிகாரம் பதினோரு நிமிஷம் பின்னாடி ஓடிக்கிட்டு இருந்தது. அது தெரியாம மாட்யூலை மூணு தடவை அழிச்சு மறுபடி போட்ட புண்ணியவானும் அடியேன்தான்.